ஃபிரேமில் விரிசல்: கையில் இருக்கும் பணத்துக்கு அடுத்த ரோடு பைக் எது?

அதிகாலைச் சவாரி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒன்பது வருடமாக ஓட்டிய என் ரோடு பைக்கின் கதை போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. இரண்டு வாரமாகவே வலது காலை அழுத்தும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம். பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். சீட் போஸ்ட்டைத் துடைத்து மாட்டினேன். பெடல் கைகள் சுழலும் பேரிங்கான பாட்டம் பிராக்கெட்டையே புதிதாகப் போட்டேன். சத்தம் போகவில்லை. ஞாயிறன்று கழுவிவிட்டு வெள்ளைத் துணியால் துடைக்கும்போது, பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயான செயின்ஸ்டே பாட்டம் பிராக்கெட்டோடு சேரும் இடத்தில் துணியின் நூல் ஒன்று மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தால் வெல்டிங்கை ஒட்டி முடி அளவுக்கு ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுகிறது. பெடலைக் கையால் அழுத்தினேன். கோடு லேசாக வாய் திறந்து மூடியது. வயிற்றைப் பிசைந்தது. முந்தைய நாள்தான் அதே வண்டியில் மலை இறக்கத்தில் வந்திருந்தேன்.

என் ஓட்டம்: வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு, போக 14 கிமீ, வர 14 கிமீ. மழையிலும் போவேன். ஞாயிறு 60 முதல் 80 கிமீ, அதில் 400 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஏற்றம். பழைய வண்டி அலுமினியம், 8 ஸ்பீடு (பின்னால் எட்டுப் பல் சக்கரம்), முன்னால் 50/34 பல், பின்னால் 12-25 பல், டயர் 23 மிமீ, ரிம் பிரேக்.

பட்ஜெட் சின்னது. புதிதாக வாங்கினால் ரோடு பைக் வரிசையில் கீழிருந்து முதல் படி, கஷ்டப்பட்டால் இரண்டாம் படி. கண்ணில் இருப்பவை மூன்று. ஒன்று, ஷிமானோவின் ஆரம்ப நிலை கிளாரிஸ் கியர் போட்ட புதிய அலுமினிய வண்டி, கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக். இரண்டு, அதே விலைக்கு ஒருவர் விற்கும் 2018ஆம் வருட கார்பன் வண்டி, ஷிமானோவின் மேல்நிலை அல்டெக்ரா கியர், ரிம் பிரேக். மூன்று, ஃபிரேம் மட்டும் வாங்கி என் பழைய பாகங்களை மாட்டுவது. விரிசலை வெல்டிங் வைத்து ஒப்பேற்ற முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

பழைய ஸ்போக் எழுதியது:

தம்பி, முதலில் அந்த வண்டியில் இனி ஏறாதீர்கள். பக்கத்துத் தெருவுக்குக்கூட வேண்டாம்.

வெல்டிங் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சைக்கிள் ஃபிரேமுக்குப் பெரும்பாலும் 6061 போன்ற அலுமினியக் கலவைதான் பயன்படுகிறது. வெல்டிங் சூட்டில் ஓரத்து உலோகம் வலு இழந்துவிடும். அதனால் தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்ததும் முழு ஃபிரேமையும் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தி வலுவைத் திரும்பக் கொண்டுவருவார்கள். வெளியே ஒட்ட வைப்பவரிடம் அந்த உலை இருக்காது. மூடிய விரிசல் பார்க்க அழகாக இருக்கும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது பிளக்கும். இரும்பு ஃபிரேம் என்றால் நானே கொண்டுபோய் ஒட்டச் சொல்லியிருப்பேன்.

மூன்று வழியில் எனக்குப் பிடித்தது மூன்றாவது. பழைய பாகங்கள் நன்றாக இருந்தால் ஒரு நல்ல இரும்பு ஃபிரேம் உங்களை இருபது வருடம் சுமக்கும்.

மேடேறி எழுதியது:

எந்த கியர், எந்த பிரேக் என்று போவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். பழைய வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்தியதா? ஒன்பது வருடம் ஓட்டினீர்கள் என்பதால் பொருந்தியது என்று அர்த்தமில்லை. எங்கே வலிக்கும்?

அதிகாலைச் சவாரி எழுதியது:

இரண்டு மணி நேரம் தாண்டினால் கழுத்தும் இரண்டு தோள்பட்டைக்கு நடுவிலும் வலிக்கும். எல்லோருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன். வண்டி 56 சைஸ். அன்று கடையில் அந்த ஒரு சைஸ்தான் இருந்தது. என் உயரம் 172 செமீ, கால் உள் அளவு 80 செமீ.

மேடேறி எழுதியது:

பதில் அங்கேயே இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 54 அல்லது அதற்கும் ஒரு படி கீழே வரலாம். ஆனால் 54 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 52 மாதிரி இருக்கும். சிலர் எஸ், எம், எல் என்று மட்டும் போடுவார்கள்.

பழைய வண்டியைத் தூக்கிப் போடும் முன் ஒரு டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை. சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை. சீட்டை விட ஹேண்டில்பார் எத்தனை செமீ தாழ்வு என்பது. முதல் அளவு உங்கள் காலுக்கானது, அதைப் புதிய வண்டியில் அப்படியே வையுங்கள். மற்ற இரண்டையும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று உங்கள் கழுத்து சொல்லும்.

அப்புறம் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் டியூப் (ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் முன் குழாய்) உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச். ஸ்டாக் 540 மிமீ, ரீச் 385 மிமீ என்றால் நீட்டிக் குனிய வைக்கும் வண்டி. ஸ்டாக் 565, ரீச் 375 என்றால் நிமிர்ந்து உட்காரலாம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்று இரண்டு செமீ சரிக்கட்ட முடியும். ஃபிரேம் தப்பு என்றால் அதற்கு மேல் எதுவும் கைகொடுக்காது.

வேலைக்கும் போய் ஞாயிறும் ஓட்டுபவருக்கு நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் ஓட்டும் எண்டியூரன்ஸ் வகைதான் பொருந்தும். பந்தய ஃபிரேமை ஆசைக்கு வாங்கி, ஆறு மாதத்தில் விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் சிலர் ஓட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

கியர் கணக்கு எழுதியது:

கிளாரிஸா சோராவா டியாக்ராவா என்ற கேள்வி எப்படியும் வரும், அதனால் முன்கூட்டியே. கிளாரிஸ் 8 ஸ்பீடு, சோரா 9, டியாக்ரா 10. மூன்றுக்கும் கியர் மாற்றும் விதம் ஒன்றுதான், பிரேக் லீவரை உள்பக்கம் தள்ளினால் மாறும். இப்போதைய கிளாரிஸில் கேபிள் பார் டேப்புக்குள் போய்விடுகிறது. கியர் கூடக் கூடப் பல்லுக்குப் பல் இடைவெளி குறையும், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம்.

ஏற்றத்தில் உங்களை வதைத்தது 8 ஸ்பீடு கிடையாது, அந்த 25 பல். கணக்குப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். முன்னால் 34, பின்னால் 25 என்றால் ஒரு மிதிக்கு 2.86 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி மிதிக்க வேண்டுமானால் மணிக்கு 10.3 கிமீ வேகத்தில் ஏற வேண்டும். அந்த வேகம் முடியாத சரிவில் மிதி 45, 40 என்று இறங்கும், முட்டியில் பாரம் ஏறும். பின்னால் 32 பல் இருந்தால் அதே 60 மிதிக்கு மணிக்கு 8 கிமீ போதும். 8 ஸ்பீடிலேயே 11-32, 11-34 பல் கேசெட் (பின் பல் சக்கர அடுக்கு) கிடைக்கிறது. வாங்கும் வண்டியில் பின்னால் எத்தனை பல் என்று கேளுங்கள், ஸ்டிக்கரில் என்ன பெயர் என்பது அதற்கப்புறம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ‘இப்போது கிளாரிஸ் வாங்கு, பிறகு ஷிமானோவின் மேல்படியான 105ஆக மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லீவர் இரண்டும், செயினைப் பல் மாற்றும் டெரெய்லர் இரண்டும், கேசெட்டும், செயினும் மாறும். ரோடு 11 ஸ்பீடு கேசெட்டுக்கு, பின் சக்கரத்தில் அது ஏறி உட்காரும் ஃப்ரீஹப் 1.85 மிமீ நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரமும் மாறும். மொத்தத்தையும் கூட்டினால் இன்னொரு வண்டியின் விலையில் பெரும்பகுதி போய்விடும். எதை வாங்குகிறீர்களோ அதோடேயே வாழ்வதாக நினைத்து வாங்குங்கள்.

நீண்ட பாதை எழுதியது:

கார்பன் வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதே விலைக்கு அல்டெக்ராவும் கார்பனும் வருகிறது என்றால் எடையில் இரண்டு கிலோவாவது குறையும். மலை ஏறுபவருக்கு அது பெரிய விஷயம்.

கியர் கணக்கு எழுதியது:

இரண்டு கிலோவை 400 மீட்டர் தூக்க ஆகும் வேலை 2 x 9.8 x 400, அதாவது 7,840 ஜூல். நண்பர் 180 வாட்டில் மிதித்தால் 44 வினாடி. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால் அந்த ஏற்றத்துக்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பந்தயம் ஓட்டுபவருக்கு 44 வினாடி தங்கம். இவருக்கு அந்த இடத்தில் 32 பல்லும் வலிக்காத கழுத்தும்தான் வேண்டும்.

அந்த அல்டெக்ராவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2012 ஜூனிலிருந்து 2019 ஜூன் வரை ஷிமானோ தயாரித்த 11 ஸ்பீடு அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகளில் (பெடல் மாட்டும் கைகளில்) சில, ஒட்டிய இடத்தில் பிரிந்து வருவதாகப் புகார்கள் வந்தன. 2023 செப்டம்பரில் ஷிமானோவே அவற்றைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி, பிரிவது தெரிந்தால் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. கிராங்க் கையின் உள்பக்கம் இரண்டு எழுத்துக் குறி இருக்கும். 2018 வண்டி என்றால் இந்தக் காலத்துக்குள் வருகிறது. பரிசோதனை நடந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, விழுந்தால் உங்கள் பல்லும் முகமும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஈரச்சாலை எழுதியது:

மழையிலும் போவேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள், அதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். நான் ஐந்து வருடம் ரிம் பிரேக்கோடு மழையில் வேலைக்குப் போனவள். நனைந்த ரிம்மில் பிரேக் பிடித்தால் முதலில் ரப்பர் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஒரு முறை லாரியின் பின் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். மண்ணும் தண்ணீரும் சேர்ந்து ரிம்மை அரைத்துவிடும், மூன்றாம் வருடம் பின் ரிம் குழிந்து அதை மாற்ற வேண்டி வந்தது.

டிஸ்க் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் டயர். உங்கள் பழைய வண்டியில் 25 நுழைவதே கஷ்டமாக இருந்திருக்கும். இன்றைய டிஸ்க் எண்டியூரன்ஸ் ஃபிரேமில் 32 தாராளமாக நுழையும். கரடுமுரடான சாலையில் அகல டயரைக் காற்று குறைத்து ஓட்டினால் வேகம் குறையாது, கை மரத்துப்போவது நிற்கும். மட்கார்டு மாட்ட ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ஸ்போக் எழுதியது:

ரிம் பிரேக்கை இவ்வளவு தள்ளிவைக்க வேண்டாம் அம்மா. நல்ல டூயல் பிவட் பிரேக்கும் நல்ல ரப்பரும் இருந்தால் காய்ந்த சாலையில் குறையே கிடையாது. நடுவழியில் ஒரு ஆலன் கீயால் சரிசெய்யலாம். மலிவான மெக்கானிக்கல் டிஸ்க்கில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும், ரோட்டரை, அதாவது அந்த டிஸ்க் தட்டை, வளைத்துத்தான் பிடிக்கும். அடிக்கடி திருகி வைக்காவிட்டால் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிடும்.

ஈரச்சாலை எழுதியது:

அண்ணா, திருகி வைக்க வேண்டும் என்பது உண்மை. மாதத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் செய்கிறேன். லாரிக்குப் பின்னால் நின்ற அந்த ஒரு நொடிக்கு முன்னால் ஐந்து நிமிடம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காய்ந்த சாலையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் நீங்கள் சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன்.

அதிகாலைச் சவாரி எழுதியது:

கார்பன் வண்டியை நேற்று போய்ப் பார்த்தேன். விற்பவர் நல்ல மனிதர், பில் வைத்திருக்கிறார், அடியில் இருக்கும் நம்பரும் பில்லும் ஒத்துப்போகின்றன. எடை ஆளை மயக்குகிறது, ஒற்றை விரலில் தூக்கலாம் போல இருந்தது.

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறது. ஹேண்டில்பார் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங் போயிருக்கிறது. ரிம்மின் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, நன்றாகக் குழிந்திருக்கிறது. செயினில் 12 முழுக் கண்ணியை அளந்தேன். புதிதில் 304.8 மிமீ இருக்க வேண்டும், 307 இருந்தது. சீட்டை இறக்கலாம் என்று போல்ட்டைத் தளர்த்தினால் போஸ்ட் அசையவே இல்லை. கிராங்கைப் பரிசோதிக்கவில்லையாம், அப்படி ஒரு அறிவிப்பு வந்ததே அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது, ‘இந்த வாரமே காட்டுகிறேன்’ என்றார். அந்த மட்டில் போனது வீண் போகவில்லை.

பழைய ஸ்போக் எழுதியது:

செயின் 307 என்றால் கேசெட்டும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பல்லில் வழுக்கும். ரிம் இரண்டு, செயின், கேசெட், ஹெட்செட். கார்பன் ஃபிரேமுக்குள் அசையாத போஸ்ட்டைப் பலமாக முறுக்கினால் ஃபிரேமே பிளக்கலாம். விட்டுவிடுங்கள். சைஸ் என்ன?

அதிகாலைச் சவாரி எழுதியது:

56.

மேடேறி எழுதியது:

அப்படியென்றால் பேரிங்கும் ரிம்மும் புத்தம் புதிதாக இருந்தாலும் வேண்டாம்.

அதிகாலைச் சவாரி எழுதியது:

மூன்றாவது வழியையும் கணக்குப் போட்டேன், பழைய ஸ்போக் அண்ணாவுக்காகவே இரண்டு மாலை உட்கார்ந்தேன். என் சக்கரம் ரிம் பிரேக், பின் அச்சு 130 மிமீ. டிஸ்க் ஃபிரேமில் அது நுழையாது. அதனால் ரிம் பிரேக் ஃபிரேம்தான் தேட வேண்டும், என் சைஸில் நல்லதாகக் கிடைத்தது ஒன்றுதான். அதற்கு ஹெட்செட், வேறு அளவு சீட் போஸ்ட், முன் டெரெய்லருக்குக் கிளாம்ப், எல்லாக் கேபிளும், மாட்டும் கூலி. கூட்டினால் புதிய கிளாரிஸ் வண்டியில் ஐந்தில் நான்கு பங்கு வந்துவிட்டது. ஒன்பது வருடம் ஓடிய லீவர் அதில் இருக்கும், மழையில் அதே பிரேக்.

பழைய ஸ்போக் எழுதியது:

உட்கார்ந்து கணக்குப் போட்டதற்கே சந்தோஷம் தம்பி. பாகங்கள் இரண்டு மூன்று வருடம் மட்டுமே ஓடியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். புது வண்டிக்கே போங்கள். பெடல், சீட், பாட்டில் ஸ்டாண்ட், பம்ப் ஆகியவற்றைப் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இடப் பெடல் எதிர்த்திசையில் கழலும் என்பதை மறக்க வேண்டாம்.

நீண்ட பாதை எழுதியது:

அந்த 44 வினாடி கணக்குக்கு நன்றி, நான் அப்படி யோசித்ததே இல்லை. ஒரு யோசனை: இன்னும் ஆறு மாதம் சேர்த்து வைத்து டியாக்ரா வாங்கலாமே?

ஈரச்சாலை எழுதியது:

ஆறு மாதம் வண்டி இல்லாமல் இருந்தால் வாரத்துக்கு 112 கிமீ வேலைப் பயணமும் ஞாயிறும் போகும். அந்தப் பழக்கம் ஒரு முறை விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். குழந்தை பிறந்த வருடம் எனக்கு அப்படி ஆனது, மீண்டும் ஏற ஒன்றரை வருடம் பிடித்தது. கையில் இருப்பதை வைத்து இப்போதே வாங்கட்டும். ஆனால் பட்ஜெட் முழுவதையும் வண்டியில் போடாமல், பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். ஸ்டெம் மாற்ற, நல்ல டயர் போட, முதல் சர்வீஸுக்கு. தொழிற்சாலையில் வரும் டயர் பெரும்பாலும் ஓரத்தில் கம்பி வைத்த கனமான டயர். அதை மாற்றினாலே வண்டி வேறு வண்டியாகத் தெரியும்.

அதிகாலைச் சவாரி எழுதியது:

வாங்கிவிட்டேன்! கிளாரிஸ் வண்டிதான், போன வருட மாடல் என்பதால் சற்றுக் குறைத்துக் கொடுத்தார்கள். சோரா வண்டி ஒன்றும் பட்ஜெட்டுக்குள் வந்தது, ஆனால் ஸ்டாக் 541தான். இரண்டிலும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். சோராவில் கழுத்து பழைய கதையை ஆரம்பித்தது. இது ஸ்டாக் 563, ரீச் 374. பின்னால் 11-32. மட்கார்டுக்கு ஓட்டை உண்டு, 32 மிமீ டயர் நுழைகிறது. பாட்டம் பிராக்கெட் மரை போட்ட வகை, எனக்கு நானே மாற்றத் தெரிந்தது. ஒதுக்கி வைத்த பங்கில் 28 மிமீ டயர் இரண்டு போட்டேன், மீதி அப்படியே இருக்கிறது.

ஞாயிறு அதே ஏற்றத்துக்குப் போனேன். கடைசி வளைவில் எப்போதும் எழுந்து நின்று முக்குவேன். இந்த முறை உட்கார்ந்தே ஏறினேன். நேரம் பழையதைவிட ஒன்றரை நிமிடம் அதிகம், மூச்சு வாங்கவில்லை. மூன்றரை மணி நேரம் கழித்து வீட்டு வாசலில் இறங்கியபோது கழுத்தைப் பற்றி நினைவே வரவில்லை, மாலையில்தான் உறைத்தது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு உரசல் கேட்கிறது. உள்பக்க பேட் ரோட்டரில் படுகிறது போல.

ஈரச்சாலை எழுதியது:

புது வண்டியில் சகஜம்தான். பேட்களைத் தாங்கும் காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். பிரேக் லீவரை இழுத்துப் பிடித்தபடியே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் காலிப்பர் திரும்பிவிடும். அதற்கப்புறமும் உரசினால் உள்பக்கத்து பேட்டுக்கு ஒரு திருகு இருக்கும், அதைக் கால் சுற்று வெளியே எடுங்கள். சுற்றுக்கு ஒரு இடத்தில் மட்டும் உரசினால் ரோட்டர் லேசாக வளைந்திருக்கிறது, கடையில் காட்டி நிமிர்த்துங்கள். ரோட்டரைக் கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்டால் பிரேக் கீச்சிடும்.

அதிகாலைச் சவாரி எழுதியது:

இரண்டாவது தடவையில் நின்றுவிட்டது அக்கா. இப்போது சுற்றிவிட்டால் ஃப்ரீஹப் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.